மீன் உயிரோட இருக்கணும்

...அது எப்படிண்ணே நியாயம்? மாவு பெசையறது நான், சாயம் கலக்கறது நான், அடுப்பு முன்னாடி நின்னு வேகறது நான். ஸ்டிக்கர் குடுக்கறது மட்டும் அந்த லேபுக்காரனா? ஸ்டிக்கர் இல்லேன்னா இன்னிக்கி சாயங்காலம் கோயில் படித்துறைல காலே வைக்கக் கூடாதாம். ம்ஹூம், தப்பா சொல்லிட்டேன். கால் வைக்கலாமாம், வெளக்கேத்தி ஆத்துல மெதக்க விடற கிரதோங் விக்கத்தான் கூடாதாம். பௌர்ணமியும் அதுவுமா, கிரதோங் இல்லாம இந்த லம்யாய்க்குப் படித்துறைல என்ன வேல? நெலாவ பாக்கறதா?

இரு இரு, நீ என்னமோ சொல்ல வர்ற. நான் முடிச்சிடறேன். நீ பாட்டுக்கு உன் மீன் தொட்டியப் பாரு, நான் பாட்டுக்குப் பேசறேன். வேல கெடக்கூடாதுல்ல.

வீட்டுல வந்து பாரு காசெம் அண்ணே. கட்டில்ல ரொட்டி கிரதோங், பீரோ மேல ரொட்டி, என் புருஷன் படம் மாட்டின சுவத்துக்குக் கீழ அடுக்கடுக்கா ரொட்டி. தாமரை மாதிரி, ஆமை மாதிரி, பச்ச, ரோஸு, மஞ்ச... மழைக்காலம் பூரா சுட்டு வச்சது. மாவுக்கடைக்கு, சீனிக்கடைக்கு எல்லாம் இந்த ஒரு ராத்திரிய நம்பித்தான் கடன் சொல்லி வச்சிருக்கேன். வருஷத்துல ஒரு ராத்திரிண்ணே! உனக்கென்ன, தெனமும் யாராவது பாவம் பண்ணிட்டு வந்து மீன வாங்கி ஆத்துல விடறாங்க. அவங்களுக்குப் புண்ணியம், உனக்குச் சோறு. காலைல விட்ட மீனு மறுநாளே உன் மச்சான் வலையேறி இதே தொட்டிக்கு வருதே, அந்தப் புண்ணியம் யாருக்குன்னு நான் கேட்டனா? கேக்கல. நான் எதுக்கு அடுத்தவங்க பொழப்பப் பத்திப் பேசப்போறேன்!

அட, மூஞ்சிய ஏன் அப்படி வச்சிக்கிற. வெளையாட்டுக்குச் சொன்னேன்.

எல்லாத்துக்கும் காரணம் அந்தக் கமிட்டி. தெரியும்ல உனக்கு? ரெண்டு வருஷம் முன்னாடி, பௌர்ணமிக்கு மறுநாள் காலைல ஆத்தப் பாத்தியே. தெர்மாக்கோலு, ஊதுவத்திக் குச்சி, துருப்பிடிச்ச குண்டூசி, ஊறிப்போன செவந்தி. வருஷம் பூரா உன்ன அசிங்கப்படுத்திட்டோம் தாயே, மன்னிச்சுக்கோன்னு ஆத்துக்கிட்டக் கேக்கற ராத்திரி அது. அதக் கேக்கறதுக்கு ஒரு வண்டி குப்பைய அவ தலைமேலயே கொட்டறோம். எவனாவது உன் வீட்டுக்கு மன்னிப்புக் கேக்க வந்து, வாசல்ல குப்பைக்கூடைய கவுத்துட்டுப் போனா நீ சும்மா விடுவியா?

அதனால நகராட்சில சொன்னாங்க, கிரதோங்குக்கு ஒரு ஸ்டாண்டர்டு எழுதணும்னு. எழுதறதுக்குக் கமிட்டி. அதுல வியாபாரிங்க சார்பா யாரு? நான்! ஆமா, நான்தான். ஏசி ரூமு. ஆளுக்கு ஒரு மைக்கு. அமுக்கினா செவப்பு லைட்டு எரியும். எனக்கு அந்த லைட்ட ரொம்பப் பிடிச்சுப் போச்சு... பேசி முடிச்சப்புறமும் அமுக்கியே வச்சிருந்தேன். ரெண்டாவது கூட்டத்துல மைக்க என்கிட்டேர்ந்து நகத்தி வச்சுட்டாங்க.

அங்க டாக்டர் விரோஜுன்னு ஒரு பெரிய மனுஷன், தண்ணி படிச்சவரு. ஊசி போடற டாக்டர் இல்ல, படிச்சு வாங்கின டாக்டர். அவரு சொல்றாரு, கிரதோங் கரையறப்போ தண்ணில இருக்கற காத்த இழுத்துக்குதாம். அதனால ஒரு லிட்டர் தண்ணில இத்தன மில்லிகிராம் காத்து மிச்சம் இருக்கணும்னு எழுதணுமாம். காத்த எப்படிண்ணே நிறுப்பாங்க? தராசுலயா? நான் எழுந்திரிச்சுக் கேட்டேன், ஐயா, படித்துறைல நிக்கற சனத்துக்கு மில்லிகிராம் புரியுமான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு, பாவம். சரிம்மா, நீங்களே சொல்லுங்க, எப்படி எழுதலாம்னாரு.

சொன்னேன். "மீன் தொட்டில ஒரு ராத்திரி கிரதோங்கப் போட்டு வைக்கணும். காலைல மீன் உயிரோட இருக்கணும்." அவ்வளவுதான். கவிதை மாதிரி இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு. கை தட்டினாங்க! ஸ்டாண்டர்டுல ஏழாவது விதி அதுதான். என் வாயிலேர்ந்து வந்த வார்த்த, அரசாங்கக் காகிதத்துல, ஒரு எழுத்து மாறாம. நான் எட்டாங்கிளாஸு தாண்டலண்ணே.

இரு, சொல்லிட்டுப் போறேன். கையக் காட்டாத.

உண்மையச் சொன்னா, நான் மீனுக்காகவா சொன்னேன்? மீன் எனக்கு அத்தையா, மாமாவா? அந்தச் சங்வானுக்காகச் சொன்னேன். வாழத்தண்டு சங்வான். எனக்கு எதுத்தாப்ல கடையப் போட்டுக்கிட்டு, "இயற்கை கிரதோங், இயற்கை கிரதோங்"னு தொண்ட கிழியக் கத்துவா. தண்டு இயற்கைதான், எல இயற்கைதான். அந்த எலைய மடிச்சு நிக்க வைக்கறது எது? குண்டூசி! ஒரு கிரதோங்குக்கு ஒரு பிடி குண்டூசி. அத மீன் முழுங்கினா என்ன ஆகும்? ஆக, ஏழாவது விதி வந்தா அவ கத முடிஞ்சுது. என் ரொட்டியையோ மீன் விருந்துச் சோறாத் திங்கும். என் கணக்கு எப்படி?

அவ என்ன பண்ணினா தெரியுமா? கூட்டம் முடிஞ்ச வாரமே மூங்கில சீவி ஊசி பண்ணிட்டா. குண்டூசிக்குப் பதிலா மூங்கில் ஊசி. லேபுல போட்டாங்க, காலைல மீன் ஜம்முனு நீந்துதாம். ஸ்டிக்கர் வாங்கிட்டா. வாங்கினது போதாதுன்னு நெத்தில ஒட்டிக்கிட்டுத் தெருவெல்லாம் சுத்தினா, சனியன்.

சரி, ஒட்டிக்கட்டும். எனக்கென்ன வந்துச்சு? அப்போ ஸ்டாண்டர்டுல இன்னொரு வார்த்த இருந்துச்சுண்ணே. "விரும்பினால்." வியாபாரிங்க விரும்பினால் இந்த ஸ்டாண்டர்டுபடி செய்யலாம். எவ்வளவு அழகான வார்த்த! தலகாணி மாதிரி. அதுமேல தலைய வச்சு நான் ரெண்டு வருஷம் தூங்கினேன். இந்த வருஷம் நகராட்சி ஒரு உத்தரவு போட்டுச்சு. நீளமா ஒண்ணும் எழுதல, ஒரே வரி. "மேற்படி ஸ்டாண்டர்டுக்கு உட்பட்ட கிரதோங் மட்டுமே படித்துறையில் விற்கலாம்." முடிஞ்சுது. தலகாணிய உருவிட்டாங்க. சட்டத்த அவங்க எழுதவே இல்லண்ணே, நாங்க எழுதினத சட்டமாக்கிட்டாங்க! கேட்டா, அதுக்குத்தாம்மா ஸ்டாண்டர்டு எழுதறதுங்கறாங்க. இத முன்னாடியே மைக்குல சொல்லியிருக்கக் கூடாதா?

அதான் நேத்து லேபுக்குப் போனேன். அங்க ஒரு பொண்ணு, நல்ல பொண்ணு, கண்ணாடி போட்டிருந்தா. அத்த, நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கொண்டாங்க, அவசரத்துக்குச் சின்னத் தொட்டில போட்டு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறோம், ஆனா அதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவ போட்டுப் பாத்துடுங்கன்னா. ஏம்மா, என் ரொட்டி மேல சந்தேகமான்னேன். இல்ல அத்த, சும்மான்னா. அந்தச் சும்மா எனக்குப் பிடிக்கல.

அதனாலதான் நேத்து சாயங்காலம் உன்கிட்ட வந்து, இந்த மூலைத் தொட்டில என் தாமரைய மெதக்க விட்டுட்டுப் போனேன். நீ ஒண்ணு போதும்னே. நான்தான் மூணு போட்டேன். மீனு நெறைய இருக்கே, பாவம், ஒண்ணு எப்படிப் பத்தும்னு.

இப்பப் பாரு! மூணுல ஒரு எதழ் மிச்சமில்ல! சுத்தமாக் கரைஞ்சு போச்சு. குப்ப எங்க? குச்சி எங்க? குண்டூசி எங்க? எங்க சங்வான், கூப்பிடு அவள, வந்து பாக்கட்டும்! தண்ணி கூடப் பாரேன், பால் மாதிரி ஆயிடுச்சு. சீனியும் மாவும் எறங்கினா அப்படித்தான், சத்துத் தண்ணி. வாடதான் கொஞ்சம்... உன் கடைல என்னிக்கி வாட இல்ல.

ஜிலேபி மீனுங்களப் பாரேன், எல்லாம் மேல வந்து வாய வாயத் தொறக்குது. இன்னும் குடு, இன்னும் குடுங்குது. இந்தா, பையில ஒரு ஆமை வச்சிருக்கேன், பிச்சுப் போடறேன். தின்னுங்கடா, செல்லங்களா. தின்னு... என்ன இது, தொட மாட்டேங்குது? ராத்திரி தின்னது செரிக்கல போல.

ஏண்ணே, கையப் பிடிக்கற? வலிக்குது. ஒரு ஆமைக்கா இவ்வளவு?

இதையும் கேளு, சிரிப்பு வரும். இந்த டாக்டர் விரோஜு ஒரு நாள் படம் போட்டுக் காட்டினாரு. மீன் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. என்ன பண்ணுதுன்னு கேட்டாரு. பசிக்குதுன்னு நான்தான் மொதல்ல சொன்னேன். இல்லம்மா, அது பசியில்ல, தண்ணில காத்து தீந்து போச்சு, மூச்சுக்குத் தவிக்குதுன்னாரு. ஏசி ரூமுல உக்காந்துக்கிட்டு மீனோட மனசு இவருக்குத் தெரியுமாம்! நானும் விடுவனா, ஐயா நீங்க சாப்பாட்டுப் பொட்டலம் வந்ததும் இப்படித்தான் வாயத் தொறந்தீங்கன்னேன். ரூமே சிரிச்சுது... அவரு கூட...

...

வாளில எதுக்குண்ணே மாத்தற? யாராவது மொத்தமா வாங்கிட்டாங்களா? பெரிய பாவியா இருப்பான் போல. மெதுவா அள்ளு, மெதுவா... அந்த ஓரத்துல இருக்கறது ஏன் சாஞ்சு கெடக்கு? தூங்குதா? அடியில வெள்ள வெள்ளையா... அது வயிறா?

அண்ணே.

நீ நான் வந்ததுலேர்ந்து எதுவோ சொல்ல வந்தியே.

இதுதானா.

விடியக்காலைலேர்ந்து அள்ளிக்கிட்டு இருக்கியா? அந்தக் கூடைல சாக்குப் போட்டு மூடியிருக்கே, அதெல்லாமா? தொறக்காத. வேணாம். பாக்க மாட்டேன்... பாத்துட்டேன்.

பசிக்குதுன்னு நெனச்சேண்ணே. சத்தியமா, பசின்னுதான் நெனச்சேன். நமக்கு வாயத் தொறந்தா பசி, இல்லேன்னா பேச்சு. ராத்திரி பூரா இதுங்க இப்படித்தான் வாயத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு இருந்திருக்கும்ல? சத்தம் வராம. எதுத்தாப்ல ஒரு மனுஷன் நின்னும் கேக்காம... அந்த மைக்கு லைட்டு மாதிரி ஒண்ணு இருந்திருந்தா, ஒரு தொட்டிக்கு எத்தன லைட்டு எரிஞ்சிருக்கும்.

மில்லிகிராம்னு எழுதியிருந்தா, மிஷின் தப்பு, டாக்டரு தப்பு, வெயிலு தப்புன்னு நான் சண்ட போட்டிருப்பேண்ணே. ஜெயிச்சும் இருப்பேன், என் வாய் அப்படி. நான்தான் போயி, பச்சப்புள்ளைக்கும் புரியற மாதிரி எழுதி வச்சிட்டேனே. மீன் உயிரோட இருக்கணும். இதுல எங்க போயி ஓட்ட கண்டுபிடிக்கறது?

லேபுக்கா? போகல. அந்தப் பொண்ணு தொட்டிலயும் மீன்தானே இருக்கு.

ரொட்டி... இருக்கட்டும். தேங்காப்பால் ஊத்தி, ஒரு கொதி விட்டா புட்டிங் மாதிரி வரும். படித்துறைல கிரதோங் விக்கத்தான் தட, திங்கறதுக்கு வித்தா எந்த விதில தடுப்பாங்க? மனுஷன் உயிரோட இருக்கணும்னு எவளும் கமிட்டில எழுதல. சிரிக்காத. சிரி, பரவால்ல. முழுசாத் தேறாது, மாவுக்கடைக்காரன் முன்னாடி பாதிதான் வைக்க முடியும். மீதிக்கு... மீதிக்கு சங்வான் கால்ல விழறேன். எல மடிக்க ஆள் பத்தலன்னு நேத்துத் தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தா. எல மடிக்கத் தெரியாதா எனக்கு? அவ பேசற பேச்சக் கேட்டுக்கிட்டே மடிக்கணும், அதுதான் தண்டன. அவ ஸ்டிக்கர இன்னும் நெத்தியில ஒட்டியிருந்தான்னா நான் கண்ண மூடிக்கிட்டே மடிப்பேன்.

இதுங்கள ஆத்துலதானே விடப்போற? இன்னும் மூச்சு இருக்கறதையெல்லாம்? சாயங்காலம் அந்தத் தாயி தலைமேல மறுபடியும் எல்லாரும் மெழுகுவத்தியோட வந்து நிப்பாங்க. நான் இப்பவே மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன். கையில பூவும் இல்ல, வெளக்கும் இல்ல. இருக்கற மீனு போதும்.

நீ எதுவும் சொல்ல வேணாம்ணே. நீயும் காலைலேர்ந்து சொல்லிப் பாத்த, அதுங்களும் சொல்லிப் பாத்துச்சு.

நான் வாய மூடிக்கறேன். அந்த வாளிய இப்படிக் குடு.