அவரவர் துணிக்கு அவரவர் தீ

எங்கள் கென்ய மலைப் பக்கத்தில் ஜூலைதான் கடுங்குளிர்; அது பிறந்துவிட்டால் என் விரல் கணுக்கள் வீங்கிக்கொள்ளும். சாக்பீஸைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியாது. சிறுமியாக இருந்தபோது கெரிச்சோ தேயிலைத் தோட்டத்தில் அம்மாவோடு பனியில் கொழுந்து பறித்ததில் வந்த வலி. உரச் சாக்கைக் கிழித்துத் தலையில் போட்டுக்கொண்டு பறிப்போம். ஸ்வெட்டர் என்று ஒன்று என்னிடம் கிடையாது. செத்துப்போகவில்லை. அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை, ஐயா. மாணவி அவிட்டி எப்படிச் செத்தாள் என்று விசாரணையில் கேட்டீர்கள். குளிர் எனக்குப் புதிதல்ல என்பதில் தொடங்குவதுதான் சரி.

இந்தப் பெண்கள் விடுதிப் பள்ளியில் நான் துணைத் தலைமையாசிரியை. உடுப்பும் முடியும் என் பொறுப்பு. முடி விரற்கடைக்கு மேல் வளரக்கூடாது. மண்டியிட்டால் பாவாடை விளிம்பு தரையைத் தொட வேண்டும். பச்சை ஸ்வெட்டர், உட்புறம் சேர்க்கை எண் தைத்திருக்க வேண்டும். ஒருத்தி உடுப்பை இன்னொருத்தி போடக்கூடாது. வீட்டுத் துணி எதுவும் பள்ளி வாசலைத் தாண்டி வரக்கூடாது. வந்தால் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், கொடிமரத்துக்குப் பக்கத்தில் வைத்து எரிப்போம். எரிக்கிற வழக்கம் எனக்கு முன்பே இருந்தது. சொந்தக்காரியே குச்சி உரசிப் போட வேண்டும் என்பது மட்டும் நான் சேர்த்தது. தன் கையால் எரித்தவள் மறுபடி கொண்டுவர மாட்டாள்.

நான் படித்த பள்ளியில் சீருடைக்கு மேல் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். நைரோபிப் பெண்கள் தோல் ஜாக்கெட்டில் வருவார்கள். என் விரலில் தேயிலைக் கறை இருக்கும். “ஏய் கொழுந்து, கையக் கழுவிட்டு வந்து உக்காருடி” என்பாள் ஒருத்தி. வகுப்பே சிரிக்கும். இங்கே, பச்சை ஸ்வெட்டருக்குள் மந்திரி மகளும் கொழுந்து பறிக்கிறவள் மகளும் ஒன்றுதான். என்னைக் கொடுமைக்காரி என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதட்டும்.

அவிட்டி கிசுமுப் பெண். ஏரிக்கரைச் சூட்டில் வளர்ந்தவள். அம்மா மீன் விற்கிறவர். ஒல்லி உடம்பு, மஞ்சள் பாய்ந்த கண். வாய் மட்டும் அடங்காது. கஞ்சி வரிசையில் அவள் நின்றால் வரிசையே சிரித்துக்கொண்டிருக்கும். எனக்கு அவளைப் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது.

அந்தத் திங்கட்கிழமை மூடுபனியில் கொடி தெரியவில்லை. மூன்றாம் வரிசையில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த ஜாக்கெட். பழைய துணிச் சந்தையில் வாங்கியது.

“ஸ்வெட்டர் எங்க?” என்றேன்.

“நேத்து தொவச்சுப் போட்டேன் மேடம். காயல. இப்பப் பிழிஞ்சாலும் தண்ணி வருது.”

“எங்களோடது மட்டும் அடுப்புல வச்சா காஞ்சுது?” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. “மகாராணிக்குத் தனிச் சட்டம் போல.”

அவிட்டி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள், நான் ஏதோ சொல்வேன் என்று காத்திருக்கிறவள் மாதிரி. பள்ளிக்கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் தீப்பெட்டியை நீட்டினேன்.

ஈரக்காற்றில் முதல் குச்சி அணைந்துபோயிற்று. அடுத்தது பிடித்தது. துணி சுருண்டு சுருண்டு எரிந்தது. அவள் இரண்டு கையையும் தீக்கு மேல் நீட்டிக்கொண்டு சொன்னாள்: “ஜூலைல இன்னிக்குத்தான் கை சூடாச்சு. நாளைக்கும் யாராவது எதையாவது போட்டுட்டு வாங்கடி.”

மொத்த மைதானமும் சிரித்தது. ஆசிரியைகள்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அந்தச் சிரிப்புக்காக நான் எதுவும் செய்யவில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்வெட்டர் இல்லாவிட்டால் அது அரைகுறைச் சீருடை. அரைகுறைச் சீருடைக்கு வகுப்பு கிடையாது. வெளியே நிற்க வேண்டும். எல்லாருக்கும் அதே விதிதான். அவள் கொடிமரத்தடியில் அரைக்கைச் சட்டையோடு நின்றாள். கொஞ்ச நேரத்தில் தூறல் போட்டது.

அவளோடு ஒரே கட்டிலில் மேலும் கீழும் படுக்கிற மொரா, தன் ஸ்வெட்டரைக் கொண்டுபோய் அவளுக்கு மாட்டிவிட்டாள். நான் விளிம்பைத் திருப்பிக் காட்டினேன். “இது யாரு நம்பர்?”

“என்னோடதுதான் மேடம். எனக்கு வேர்க்குது மேடம், நெசமாத்தான்” என்றாள் மொரா. பல் தந்தியடித்தது.

கழற்றிக் கொடுக்கச் சொன்னேன். அவிட்டிக்கு விரல் மடங்கவில்லை. தலைவழியாக நானே கழற்றி மொராவிடம் கொடுத்தேன். முரட்டுத்தனமாக இல்லை, காது மாட்டிக்கொள்ளாமல் பார்த்துத்தான் கழற்றினேன்.

இடைவேளைக்கு மணி அடித்தபோது குந்திக்கொண்டிருந்தாள். “எலும்புக்குள்ள வலிக்குது மேடம்” என்றாள். “எனக்குந்தான் வலிக்குது. எந்திரிச்சு நில்லு” என்றேன். பொய்யில்லை. அன்று காலை பேனா என் கையில் நிற்கவில்லை.

மதியத்துக்குள் விழுந்துவிட்டாள். பள்ளி நர்ஸ் செரோனோ, சமையல்காரரோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். “மேடம் கெமுன்ட்டோ, அவளுக்கு ரத்தத்துலயே கோளாறு இருக்கு. குளிர் பட்டா ரத்தம் அடைச்சுக்கும். மயக்கத்துல அவ சொல்லித்தான் எனக்கே தெரியுது. உங்ககிட்ட யாரும் சொல்லலியா?”

சொல்லவில்லை என்றேன். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அங்கே டாக்டர் கேட்டபோதும் யாரும் சொல்லவில்லை என்றேன். முதல் நாள் நீங்கள் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன்.

சொன்னார்கள், ஐயா. ஜனவரியில் சேர்க்க வந்த அன்றே அவள் அம்மா என் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். “டீச்சரம்மா, இவளுக்கு மூத்தவன இந்த நோய்தான் கொண்டுபோச்சு. இவளுக்குக் குளிரே ஆகாது. இந்த ஜாக்கெட்ட ஸ்வெட்டருக்குள்ள போட்டுக்கட்டும். மத்த புள்ளைங்களுக்குத் தெரிய வேணாம், சீக்குக்காரின்னு ஒதுக்கிருவாங்க. யாருக்கும் சொல்லாதீங்க. நீங்க ஒருத்தர் தெரிஞ்சுக்கிட்டாப் போதும்.”

சரி என்றேன். ஜாக்கெட்டைத் தடவிக்கூடப் பார்த்தேன். நல்ல தடிமன். பனிக்குப் போட்டுக்கொண்டால் ஒன்றுமே உறைக்காது.

ஆக, அன்று காலை அவள் காத்திருந்தது அந்தச் ‘சரி’க்குத்தான். நான்தான் போடச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்த திங்கட்கிழமை ஆளாளுக்கு ஒரு ஜாக்கெட்டோடும் ஒரு நோயோடும் வந்து நின்றிருப்பார்கள். பச்சை ஸ்வெட்டருக்கு அப்புறம் என்ன அர்த்தம்? தவிர, நோயை மறைக்கச் சொன்னது அந்த அம்மா. நான் மறைத்தேன், கேட்டுக்கொண்டபடியே.

தெரிந்துதான் தீப்பெட்டியை நீட்டினேன். தெரிந்துதான் நிற்கவைத்தேன். மொராவின் ஸ்வெட்டரைக் கழற்றியபோதும் தெரியும். நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் பெட்டியை எடுத்துப்போக அம்மா வந்திருந்தார். தகரப் பெட்டியைக் கொடுத்தேன். அதற்குள் காய்ந்துவிட்ட பச்சை ஸ்வெட்டரையும் மடித்துக் கொடுத்தேன். பெட்டியைத் திறந்து, அடிவரைக்கும் துழாவிப் பார்த்தார்.

“அந்தச் செவப்பு ஜாக்கெட்டு எங்க டீச்சரம்மா? அதப் போட்டுவிட்டுத்தான் பொதைக்கணும். மண்ணு குளிரும்.”

தேடி அனுப்புகிறேன் என்றேன்.

அந்த அம்மாவுக்கு நான் ஒரு ஜாக்கெட் தர வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு என்னிடம் இருக்கிற பாக்கி அது ஒன்றுதான். பச்சையில் கிடைக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.