பாறை வரை தோண்டிய குழி

ஆலத்தியூர்ப் பக்கம் குழி தோண்டுவது சுலபமில்லை. மூன்றடி மண், பிறகு சுண்ணாம்புக்கல். கடப்பாரை துள்ளித் திரும்பும்.

நான் லைசென்ஸ் உள்ள ஒயரிங் கான்ட்ராக்டர். புது வீட்டின் ஒயரிங்கைச் சோதித்து நான் கையெழுத்திட்டால்தான் மின்வாரியம் இணைப்புக் கொடுக்கும். கமலவேணி வீட்டுக்கும் நான்தான் போட்டேன். தை மாதம் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார்கள்.

"கரண்டு இல்லாத வூட்டுல பால் காச்சுனா சனம் சிரிக்கும்ணே" என்றாள்.

எர்த் குழி எட்டடி இறங்க வேண்டும். நான்கடிக்கு மேல் பாறை விடவில்லை. கரியும் உப்பும் கொட்டி மூடினேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். கசியும் மின்சாரத்தை அந்தக் குழி வாங்காது என்று தெரிந்தது. படிவத்தில் வேறு எண்ணை எழுதினேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி என் கையெழுத்தைப் பார்த்தார். குழியைப் பார்க்கவில்லை. என் பெயர் அப்படி.

சித்திரையில் போன் செய்தாள்.

"அண்ணே, ஃபிரிட்ஜைத் தொட்டா சுருக்குங்குது."

"செருப்பு போட்டுக்கிட்டுத் தொடும்மா."

"நல்லாருக்கே! அடுப்படியில செருப்பா? மாமியா என்னையத் தெருவுல தள்ளிரும்." சிரித்தாள்.

இருந்தாலும் ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டாள். சுருக்கென்பது நின்றது. நின்றதால் நான் போகவில்லை.

ஆடி பிறந்ததும் மறுபடி அழைத்தாள். வெள்ளிக்கிழமை சாமி கும்பிடும் வீட்டில் செருப்புப் போட முடியாதே, என்ன செய்வது என்றாள். அன்றைக்கு மட்டும் ஃபிரிட்ஜைத் தொடாதே என்றேன். நியாயமான யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மூன்றாம் வெள்ளி. கழுவிவிட்ட ஈரத் தரை. ஃபிரிட்ஜில் வைத்திருந்த பூவை எடுக்கப் போயிருக்கிறாள். கதவின் பிடியிலிருந்து கையை விடுவிக்க முடியவில்லை.

உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அரியலூர் கொண்டுபோயிருந்த பகலில், பாறை உடைக்கும் மிஷினோடு அந்த வீட்டுக்குப் போனேன். எட்டடி இறங்கினேன். அரை நாள் வேலை. மாமியார் பாப்பாத்தி தேநீர் கொண்டுவந்தார்.

"ஒருத்தனும் எட்டிப் பாக்கல. நீயாச்சும் வந்தியே சாமி."

வாங்கிக் குடித்தேன். மறுநாள் அதிகாரிகள் அளந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஃபிரிட்ஜில் பழுது என்று எழுதிப் போனார்கள்.

அதன் பிறகு, போனை எடுத்தால் முதலில் "அண்ணே" என்று கேட்கிறது. வேறு குரல் பிறகுதான் வருகிறது. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். அவளைக் கொன்றது நான்.

இப்படிக் கையெழுத்திட்ட மற்ற வீடுகள் எவை என்று கேட்கிறீர்கள். தெரு, வாசல் நிறம் எல்லாம் நினைவிருக்கிறது. சொல்ல மாட்டேன். பிள்ளைகுட்டியோடு வாழ்கிறவர்கள். தெரிந்துவிட்டால் அவர்களுக்கு நிம்மதி போய்விடும்.