முதல் மணியிலேயே எடுக்கும்

மோடம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, ஐயா. சிம் கார்டு போட்ட, தீப்பெட்டி அளவு போர்டு. மடிக்கணினியை இணைத்து ஒரு வரி தட்டினால் 'OK' என்று பதில் வரும். ஏன், எதற்கு என்று கேட்காது. அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும்.

எங்கள் ஆலையில் காங்கிரீட் கலக்கும் டிரம்மை முதலாளி வீட்டிலிருந்தே கைபேசியில் அழைத்து ஓட்டுவார். ATS0=1 என்று நான் தட்டிவைத்தால், மோடம் முதல் மணியிலேயே அழைப்பை எடுக்கும்; எடுத்ததும் மோட்டார் ஓடும். அதை நிரந்தரமாகச் சேமிக்க AT&W என்று இன்னொரு வரி உண்டு. நாங்கள் அதை அனுப்புவதே இல்லை. சேமிக்காவிட்டால், மோடத்தை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். யார் அழைத்தாலும் எடுக்காது. மெயின் சுவிட்ச் வளாகத்தின் மறுகோடியில். அதனால் டிரம்முக்குள் இறுகிப்போன காங்கிரீட்டைக் கொத்த இறங்குகிறவர் மோடத்தை மட்டும் அணைத்து மறுபடி போட்டுவிட்டு இறங்குவார். சோம்பேறித்தனம்தான். ஆனால் ஆறு வருடமாக ஒரு கீறல்கூட இல்லை.

இறங்குகிறவர் என் தங்கையின் கணவர்.

மாப்பிள்ளையைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வேலையில் சுத்தம். வீட்டில்தான் கை நீட்டுவார். போன வருடம் தங்கையின் தாடையைப் பெயர்த்தார்; இரண்டு பற்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பிறகு அவர் குடியை விட்டார், அவள் காலில் விழுந்தார், அவளும் மன்னித்துவிட்டாள். "அவர் மாறிட்டாருண்ணா. நானே மறந்துட்டேன், நீயும் மறந்துடேன்" என்றாள். பல் போனது அவளுக்கு, தூக்கம் போனது எனக்கு.

செவ்வாய்க்கிழமை காலை AT&W அனுப்பினேன். OK என்றது.

பதினொரு மணிக்கு அவர் வழக்கம்போல மோடத்தை அணைத்து மறுபடி போட்டார். "வரட்டுமா மச்சான்?" என்று சிரித்துக்கொண்டே சுத்தியலோடு உள்ளே இறங்கினார். தலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டிரம் நிமிடத்துக்குப் பதினெட்டு சுற்று சுற்றும். உள்ளே சுற்றிலும் இரும்புத் தகடுகள். நான்காவது சுற்று வரை அவர் குரல் கேட்டது. மெயின் சுவிட்சுக்கு நான் ஓடவில்லை, நடந்தேன். திரும்பி வந்தபோது டிரம்மின் வாயருகே ஒரு பூட்ஸ் கிடந்தது, காலோடு.

முதலாளியும் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை, பிறகு யார் என்று குழம்புகிறீர்கள். மாப்பிள்ளை நம்பரை மாற்றிவிட்டார் என்று சொல்லி, மோடத்தின் எண்ணை முந்தின நாளே தங்கையிடம் கொடுத்திருந்தேன். அவர் இறங்கியதும் அவளைக் கூப்பிட்டு, "சாப்பாடு கொண்டுவரணுமான்னு கேட்டுப் பாரேன்" என்றேன். அடி வாங்கியவள் கையால் நடப்பதுதான் முறை என்று பட்டது.

மெயின் சுவிட்சை நோக்கி நடக்கும்போதே என்னை அழைத்தாள். "உடனே எடுத்துட்டாருண்ணா. ஆனா ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாரு. கோவமா?"

நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்னும் அந்தக் கைபேசியைக் கீழே வைக்கவில்லையாம், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். கொஞ்ச நாள் போகட்டும், ஐயா. அவளுக்கு எதுவும் சீக்கிரம் மறந்துவிடும்.