சாட்சிக்கு வந்த ராமுத்தாய்

— ரெண்டு சாட்சி கேட்டீகள்ல தானியேல் தம்பி, கொண்டாந்துட்டேன். ஜீப்பு டிரைவரு வெளிய நிக்கிறான். இது ராமுத்தாயி. குரங்கணியில ஒத்தையாளா டீக்கடை வச்சிருக்கு.

— உக்காருங்க ராக்கையாண்ணே. உக்காரும்மா. எழுதுனத வாசிக்கிறேன், காது குடுங்க. '1978ஆம் வருடம் தை மாதம், ராக்கையா ஆகிய நான், யாருடைய தூண்டுதலும் இன்றி, நல்ல நினைவோடு எழுதி வைக்கும் உயில்...'

— உயிலா? ஏதோ கைநாட்டுன்னுல்ல கூட்டியாந்தீக! தோட்டக்காரரே, ஒடம்புக்கு என்ன?

— ஒண்ணுமில்ல ராமுத்தாயி. அறுபது வயசாச்சேன்னு...

— தெம்பா இருக்கப்பதாம்மா எழுதணும். இவரு கண்ண மூடுற வரைக்கும் எத்தன தடவ வேணாலும் மாத்திக்கலாம். கேளுங்க. 'என் சுய சம்பாத்தியமான ஏலத்தோட்டம் நாலு ஏக்கர், மகன் பால்சாமிக்கு. போடியிலுள்ள ஓட்டு வீடு, குரங்கணி ராமுத்தாய்க்கு...' ஏண்ணே, இந்தம்மாவா?

— இதேதான்.

— அட, சொத்து வாங்குறவுகளே சாட்சி போட்டா கோர்ட்டுல சந்தேகப்படுவாகண்ணே! வேற ஆளப் பாருங்க.

— இருங்க எழுத்தரய்யா. எனக்கெதுக்கு வீடு? நாங் கேட்டேனா?

— நீ கேக்கல. ஒங் கடைக்குள்ள மழ ஒழுகுதுல்ல.

— அதுக்கு? பால்சாமி என்ன நெனைப்பான்?

— அந்தம்மா சொல்றது நியாயந்தாண்ணே. மகன் இருக்கப்ப உறவில்லாதவுகளுக்குக் குடுத்தா, காரணத்தையும் எழுதிரணும். சொல்லுங்க.

— காரணமா... டீ நல்லாப் போடும்னு எழுதுங்க.

— டீக்கு வீடா? எந்த ஜட்ஜுண்ணே ஒத்துக்குவாரு?

— அப்ப இத எழுதுங்க. நான் காச்சல்ல கெடந்தப்ப, கடையப் பூட்டிட்டு ஆஸ்பத்திரியில ஒம்பது நாளு ஒக்காந்திருந்துச்சு. ஒரு நாளு கண்ணு முழிச்சுப் பாக்குறேன், சொவத்துல சாஞ்சு தூங்குது, கையில என் துண்டு. எம்பொண்டாட்டி போய்ச் சேந்து பன்னெண்டு வருசம் தம்பி. அன்னைக்குத்தான் எனக்குப் பொழைக்கணும்னு ஆச வந்துச்சு.

— ஏம்மா, அழுகுறீகளா?

— சிரிக்கிறேன் எழுத்தரய்யா. ஏன் தோட்டக்காரரே, தெனமும் ரெண்டு வேள கடைக்கு வாரீக. இத எங்கிட்டச் சொல்ல வாயி வரலயாக்கும்?

— நீ வேணாம்னுட்டா? சாட்சின்னா கைநாட்டு மட்டுந்தான்னு நெனச்சேன், தம்பி ஒம் முன்னால வாசிப்பாருன்னு தெரியாது. நாஞ் செத்த பெறகுன்னா, நீ வேணாங்கிறது எங்காதுல விழாதுல்ல.

— அண்ணே, 'பிரியத்தின் காரணமாக'ன்னு எழுதிக்கிறேன். அதுக்கு மேல வார்த்த இல்ல.

— எழுதுங்க தம்பி.

— எழுதாதீக! எழுத்தரய்யா, பொண்டாட்டிக்குக் குடுத்தாலும் காரணம் கேப்பாகளா?

— பொண்டாட்டிக்கா? கேக்க மாட்டாகம்மா. உயிலே இல்லாட்டியும் மகனுக்குச் சமமாப் பங்கு வரும்.

— அப்பப் பேனாவ மூடுங்க. தோட்டக்காரரே, வெரசா எந்திரிங்க. ஜோசியருகிட்ட நல்ல நாளு எப்பன்னு கேட்டுட்டு, அப்பிடியே பால்சாமிகிட்ட நானே சொல்லிட்டு வர்றேன்.