நேரான கோடு

வெள்ளை பெயிண்ட் அடிப்பது எல்லாரும் நினைப்பது போல லேசான வேலை இல்லை, சார். நீலத்தில் பிசகினால் யாருக்கும் தெரியாது. வெள்ளையில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் ஊருக்கே தெரியும். எங்கள் ஃப்ளையிங் கிளப்பின் சின்ன விமானத்துக்கு நான் அடித்தது அப்படிப்பட்ட வெள்ளை.

அங்கே மெக்கானிக் என் அக்கா வீட்டுக்காரர். அத்தான் நல்ல மனிதர்தான், பெயிண்டை மட்டும் மதிக்கத் தெரியாது. இடது இறக்கையின் அடியில், தாங்கு கம்பி வந்து சேரும் இடத்தில், மயிரிழை போல ஒரு வெடிப்பைப் பார்த்துவிட்டார்.

"நீ பெயிண்ட தடியா அப்பிட்ட, அதான் வெடிச்சிருக்கு. தகடுல ஒண்ணும் இருக்காது" என்றார். பக்கத்தில் விமானி வேறு நின்றுகொண்டிருந்தார். எனக்கு மானம் போயிற்று.

எதற்கும் இருக்கட்டும் என்று, வெடிப்பு முடியும் இடத்தில் சிவப்பு மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அது அவர் வழக்கம். வெடிப்பு கோட்டைத் தாண்டாதவரை பறக்கலாம். தாண்டினால் கோளாறு தகட்டில் என்று அர்த்தம். பெயிண்டையெல்லாம் சுரண்டிவிட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அத்தானுக்குக் கொஞ்ச நாளாகக் கை நடுக்கம். கோடு புழு மாதிரி நெளிந்திருந்தது. என் வெள்ளையில் அதைப் பார்க்கச் சகிக்காமல் சில நாள் கழித்துத் துடைத்துவிட்டேன். ஆனால் கோடு எங்கே என்று கேட்பாரே? அதனால் வெடிப்பின் முனையில், அதற்குள் அது அத்தான் கோட்டைத் தாண்டி ஒரு நகக்கண் அளவு நீண்டிருந்தது, ஸ்கேல் வைத்து நானே ஒரு கோடு போட்டேன்.

அடுத்த முறை அத்தான் குனிந்து பார்த்தார். "தாண்டல. கோடு எவ்ளோ நேரா இருக்கு பாத்தியா? நான் போட்டது" என்றார்.

அன்று அக்கா போன் செய்தாள். "அத்தானுக்குக் கை நடுக்கம் நின்னுபோச்சாம்டா. மருந்து வேலை செய்யுது" என்று சொல்லி அழுதாள். அவள் சந்தோஷப்பட்டு எத்தனை நாளாயிற்று. அதற்கப்புறம் நான் எந்த வாயால் சொல்வது?

ஆகவே ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் பழைய கோட்டைத் துடைத்து, புது முனையில் புதுக்கோடு போட்டுவந்தேன். கோடு இறக்கையில் நகர்ந்துகொண்டே போனது. அத்தானும் அதன் பின்னாலேயே தள்ளித் தள்ளி நின்று குனிந்தார்.

வெடிப்பது தகடுதான் என்று எனக்குத் தெரியும். பெயிண்ட் வெடித்தால் ஓரம் சிலும்பும், இது கத்தியால் கீறியது போல இருந்தது. சொல்லியிருந்தால் என்மேல் பழி இல்லை என்று அன்றே ஆகியிருக்கும். ஆனால் பெயிண்டைச் சுரண்டுவார்கள், சார்.

பிறகு ஒருநாள் விமானி, "திரும்பறப்பல்லாம் இறக்கைப் பக்கம் ஏதோ முனகுது" என்றார். "நானே கூட வந்து கேக்கறேன்" என்று அத்தான் கிளம்பிவிட்டார். ஏறும் முன் என்னைக் கூப்பிட்டார்.

"குனிஞ்சு அந்தக் கோட்டப் பாருடா. எனக்கு முதுகு புடிச்சிருக்கு."

பார்த்தேன். வெடிப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரல் நீளம் போயிருந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் நிமிர்ந்தேன். அத்தான் கிரீஸ் கையோடு இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், என் வெள்ளையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தது.

"தாண்டல அத்தான்" என்றேன்.

மைதானத்துக்கு மேலே ஒரு திருப்பம்தான் திரும்பினார்கள். இடது இறக்கை மேல்நோக்கி மடங்கிக் கழன்றது. விமானம் உடனே விழுந்துவிட்டது. இறக்கை மட்டும் சுழன்று சுழன்று நிதானமாக இறங்கியது, வெயிலில் நல்ல பளபளப்பு.

இரண்டு பேரும் போய்விட்டார்கள். நானும் அழுதேன். அக்கா இனி என் முகத்தில் விழிக்க மாட்டாளாம். நான் சொன்னது பொய், தெரிந்தே சொன்னேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த உடைந்த துண்டை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறீர்களே, அதன் ஓரத்தைக் கொஞ்சம் பாருங்கள். தகடு கிழிந்திருக்கிறது, பெயிண்ட் ஒரு இடத்தில்கூட உரியவில்லை. அத்தான் இருந்திருந்தால் இப்போதாவது ஒத்துக்கொண்டிருப்பார்.