என் காது குணமாயிடுச்சு, உங்க வண்டிதான் சரியில்ல

…அதைப் பாக்காதீங்க சார், பாத்தா பயமாத்தான் இருக்கும். இஞ்சின் செயின்ல தொங்குது, அவ்வளவுதானே? தொங்கட்டும். வெளிய எடுத்தாத்தானே உள்ள என்னன்னு தெரியும்? நீங்க காலைல வைப்பர் மாத்தத்தான் விட்டுட்டுப் போனீங்க, நான் இல்லைங்கல. வைப்பரும் மாத்தியாச்சு! போய்ப் பாருங்க, புது ரப்பர், கண்ணாடி மேல வழுக்கிட்டுப் போகும்… ஆங், இப்பப் போகாது. பேட்டரியக் கழட்டி வச்சிருக்கேன்.

உக்காருங்க சார். அந்த டயர் மேல உக்காருங்க, அது சுத்தமாத்தான் இருக்கு. என்னது, இன்னைக்கு சாயங்காலம் மச்சினி கல்யாணமா? வீட்ல அம்மா கிளம்பி ரெடியா இருக்காங்களா? அய்யய்யோ! மாமனார் வீட்டு விசேஷத்துக்கு லேட்டாப் போனா என்ன ஆகும்னு எனக்கா தெரியாது? நான் ஒரே ஒரு தடவைதான் லேட்டாப் போனேன். இன்னை வரைக்கும் என் மச்சான் என்னைப் பாத்ததும் கைக்கடிகாரத்தைப் பாக்குறான். ஆனா நீங்களே சொல்லுங்க, லேட்டாப் போறது மேலா, நடுரோட்ல வண்டி நின்னு போகாமயே இருக்குறது மேலா?

சத்தம் சார், சத்தம். நீங்க சாவியக் குடுத்துட்டுப் போனதும் வண்டிய ஷெட்டுக்குள்ள எடுத்து விட்டேன். ஙீ…ன்னு ஒரு சத்தம். மெல்லிசா, விடாம. உங்களுக்குக் கேக்காது. எல்லாருக்கும் கேட்டா நான் எதுக்கு? இதோ இந்த நீட்டு ஸ்க்ரூடிரைவர் இருக்கே, நுனிய இஞ்சின்ல வச்சு, கைப்பிடிய காதுல வச்சேன்னா உள்ள எந்தப் பேரிங்கு அழுவுது, எந்த வால்வு முனகுதுன்னு சொல்லிடுவேன். எதிர்த்தாப்ல புதுசா ஒரு ஷெட்டு வந்திருக்கே, பாத்தீங்களா? கண்ணாடிக் கதவு, ஏசி, வண்டில கம்ப்யூட்டரைச் சொருகிப் பாக்குறான். அவ்வளவும் இருந்தும் ஜனங்க ஏன் இங்க வர்றாங்க? இந்தக் காதுக்குத்தான் சார். இது இல்லேன்னா நான் பஞ்சர் ஒட்டத்தான் போகணும்.

நடுவுல இந்தக் காதுக்கே ஒரு கேடு வந்துச்சு. அதை ஏன் கேக்குறீங்க! இல்ல, நீங்க கேக்கல, நானாத்தான் சொல்றேன். ஒரு நாள் காலைல எந்திரிக்கிறேன், காதுல ஙீ…ன்னு ஒரு இரைச்சல். வீட்டுக்காரிகிட்ட, ‘குக்கரை இறக்குடி’ன்னேன். ‘இன்னும் அடுப்பே பத்த வைக்கல’ன்னா. ஃபிரிட்ஜை நிறுத்திப் பாத்தேன். வீட்டு மெயினையே ஆஃப் பண்ணிப் பாத்தேன். எல்லாம் நின்னுடுச்சு, இது மட்டும் இன்னும் ஜோரா கேக்குது!

அப்புறம் ஆளாளுக்கு வைத்தியம். மாமியார் பூண்டை எண்ணெய்ல காய்ச்சி காதுல விடச் சொன்னாங்க. விட்டேன். இரைச்சல் அப்படியே இருந்துச்சு, எறும்புதான் புதுசா வந்துச்சு. மச்சான் தலைகீழா நிக்கச் சொன்னான். நின்னேன். சட்டைப் பையில இருந்த நட்டெல்லாம் கொட்டுச்சே தவிர காதுலேர்ந்து ஒண்ணும் கொட்டல.

கடைசில காது டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனா வீட்டுக்காரி. ஒரு பெட்டி மாதிரி ரூம்புல உக்கார வச்சு, காதுல ஹெட்போனை மாட்டி விட்டு, ‘சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க’ன்னாங்க. நான் அமுக்கின கைய எடுக்கவே இல்ல சார்! அந்தம்மா வெளிய வந்து, ‘நான் இன்னும் மெஷினையே போடலை’ங்குறாங்க.

அப்புறம் பொறுமையா சொன்னாங்க. காதுக்குள்ள பொடிசா முடி மாதிரி இருக்காம், அதுதான் சத்தத்தை வாங்கி மூளைக்கு அனுப்புதாம். வருஷக்கணக்கா இஞ்சின் பக்கத்துலயே கிடந்ததுல அதுல கொஞ்சம் செத்துப் போச்சாம். வர வேண்டிய சத்தம் வரலைன்னதும் மூளை தானே ஒரு சத்தத்தைப் போட்டுக்குதாம். ‘என் மூளை சொல்ற வேலையவே செய்யாதும்மா, சொல்லாத வேலைய ஏன் செய்யுது’ன்னேன். சிரிக்கிறாங்க.

எண்ணெய் விட்டதுக்குத்தான் செம திட்டு. இனிமே ஒரு சொட்டு விடக் கூடாதுன்னுட்டாங்க. இதை ஒரேயடியா நிறுத்த மருந்து இல்ல, ஆனா பழகிக்கலாம்னாங்க. நல்லாத் தூங்கணும். ரொம்ப நிசப்தமா இருக்கிற எடத்துல உக்காந்து அதையே கவனிச்சுட்டு இருக்கக் கூடாது, ஃபேனைப் போடு, ரேடியோவ மெதுவா வையி. கவலைப்பட்டா கூடும், விட்டுத் தள்ளினா குறையும். மனசு அமைதியாக மூச்சை இழுத்து விடு, வண்டு மாதிரி ரீங்காரம் போடு. காப்பி குடிச்சா கூடுதான்னு நீயே பாத்துக்க. வேலை செய்யும்போது காதுமூடி போட்டுக்க. அதைப் போட்டுட்டு நான் எப்படி சார் வேலை பாக்குறது? கண்ணைக் கட்டிட்டு ஊசி கோக்குற கதைதான்! அதோ, ஆணியில மாட்டி வச்சிருக்கேன், பல்லி ஒண்ணு குடியிருக்கு.

மத்ததெல்லாம் ஒழுங்கா செஞ்சேன் சார், சும்மா சொல்லக் கூடாது. மூச்சை இழுத்து விட்டேன். ம்ம்ம்னு வண்டு மாதிரி ரீங்காரம் போட்டேன். வண்டிக்கு அடியில படுத்து ரீங்காரம் போட்டதுல ஒரு கஸ்டமர் சைலன்சர் போயிடுச்சுன்னு பதறிட்டாரு. ஆனா பலன் இருந்துச்சு! கொஞ்சம் கொஞ்சமா அது இருக்குற நெனப்பே போயிடுச்சு. ‘எனக்குக் குணமாயிடுச்சு’ன்னு தெருவுக்கே காப்பி வாங்கிக் குடுத்தேன்.

கூத்து என்னன்னா, என் காது சரியானதும் ஊர்ல இருக்குற வண்டியெல்லாம் கெட்டுப் போச்சு. எவன் பேரிங்கு செய்யுறானோ! பேக்கரிக்காரர் வண்டில ஙீ. ஸ்கூல் வேன்ல ஙீ. போட்டோ ஸ்டூடியோக்காரர் புது வண்டி எடுத்தாரு, ஷோரூம் ரிப்பன் கூட அவுக்கல, அதுலயும் ஙீ. எல்லாத்துக்கும் பேரிங் மாத்திக் குடுத்தேன். கும்பிடாத குறையா போனாங்க.

உங்க வண்டிதான் சார் ரொம்ப மோசம். பெல்ட்டைக் கழட்டினேன், சத்தம் போகல. ஆல்டர்னேட்டரைக் கழட்டினேன், போகல. கியர்பாக்ஸை இறக்கினேன், அப்பவும் போகல. சரி, நோய் ஆழமாத்தான் இருக்குன்னு இஞ்சினையே தூக்கிட்டேன். நம்பலைன்னா இந்தாங்க ஸ்க்ரூடிரைவர், நீங்களே காதை வச்சுக் கேளுங்க. ம்? ஒண்ணும் கேக்கலையா? இன்னும் அழுத்திப் புடிங்க. இப்படிக் குடுங்க, நான் பாக்குறேன்… இதோ! இதோ கேக்குதே! ஓடாம தொங்குற இஞ்சின்லயே இவ்வளவு சத்தம்னா, ஓடினா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!

…

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க?

ஓடல. ஆமா… ஓடலல்ல?

இருங்க, இந்த மேஜையில வச்சுப் பாக்குறேன். ஙீ. தண்ணி டிரம்முல… ஙீ. சார், கொஞ்சம் அசையாம நில்லுங்க, கூச்சப்படாதீங்க, உங்க நெஞ்சுல ஒரு தடவை… அட, உங்க பேரிங்கும் போயிருக்கு சார்.

போச்சு. எல்லாம் போச்சு. பேக்கரிக்காரர், ஸ்கூல் வேன், பாவம் அந்த ஸ்டூடியோக்காரர்… அத்தனையும் நல்ல பேரிங்கு சார்! என் கையால கழட்டிக் குப்பையில போட்டேனே! அந்த டாக்டரம்மா சொன்னாங்க சார், அது போகாது, மறக்கத்தான் செய்யும்னு. நான்தான் போயிடுச்சுன்னு காப்பி வாங்கிக் குடுத்தேன். பயமா இருக்கு சார். நெஜமாவே பயமா இருக்கு. எதிர் ஷெட்டுக்காரனுக்குத் தெரிஞ்சா என் பொழப்பு சிரிப்பாச் சிரிச்சுடும்.

போன் அடிக்குதா? இது நெஜமாவே அடிக்குதா? வீட்ல அம்மாவா? குடுங்க சார், நீங்க எதுக்குத் திட்டு வாங்கணும், நான் பேசுறேன். அலோ, அம்மா, நான் மெக்கானிக் பேசுறேம்மா. சார் மேல ஒரு தப்பும் இல்ல. உங்க வண்டி மேலயும் ஒரு தப்பும் இல்ல, தங்கமான வண்டி. என் காதுதாம்மா தப்பு. நல்ல இஞ்சினைப் பிரிச்சுப் போட்டுட்டேன், பைசா வாங்காம நானே மாட்டித் தர்றேன். இப்ப உங்களை என் வேன்லயே கொண்டு போய் மண்டபத்துல இறக்கி விடுறேன். ஆமாம்மா, சார் சரின்னுட்டாரு, தலையில கைய வச்சு உக்காந்திருக்காரு… என்னது? திட்டுங்கம்மா, நல்லாத் திட்டுங்க, எனக்கு வேணும்… அம்மா, ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க. நடுவுல ஏதோ ஙீன்னு ஒரு சத்தம் வருதே, உங்களுக்குக் கேக்கல? வேன்ல ஏறும்போது மறக்காம அந்தப் போனை எங்கிட்ட குடுங்க, பிரிச்சு என்னன்னு பாத்துடலாம்.