குணசீலி அம்மாவின் மழை

யாசின்: எண்ணெய்ச் சத்தமா? அப்படியா சொன்னாவ அந்த அம்மா?

இர்ஃபானா: "யார் வீட்டில் பொரிக்கிறீர்கள்"னு கேட்டாங்க மச்சான். போன்ல, சிங்களத்துல, ரொம்ப மரியாதையா. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

யாசின்: இரு, பேண்டேஜ் வெட்டுற மெஷினை நிப்பாட்டிட்டு வாரேன்... ம், இப்பச் சொல்லு.

இர்ஃபானா: மூணு மழைச் சத்தம் அனுப்பியாச்சு. முதல்ல நெட்ல எடுத்தது. "இது வேறு நாட்டு மழை"ன்னாங்க. ரெண்டாவது நம்ம வீட்டு ஷவர். "குளித்து முடித்துவிட்டுக் கூப்பிடு"ன்னாங்க. மூணாவது நீங்க செண்பகத்தோப்புல நனைஞ்சு நின்னு பிடிச்சிட்டு வந்த நிஜ மழை. அதுதான் பொரிக்கிற சத்தமாம். நிஜ மழையே மழை மாதிரி கேக்கலைன்னா நான் எங்கே போவேன்?

யாசின்: அது... போன் மைக்கு அப்படித்தான் புள்ள. ஹச்.

இர்ஃபானா: இன்னும் சளி போகலையா? ராத்திரி மிளகுக் கஷாயம் வைக்கிறேன்.

யாசின்: கஷாயம் வேண்டாம். நேத்து மாதிரி கோழிச் சாறே போதும்.

இர்ஃபானா: "என் வீட்டுக்காரர் அந்த மழையில நனைஞ்சு சளி பிடிச்சுக் கிடக்கார்"னு சொன்னேன். "பாவம் பிள்ளை. ஆனாலும் அது மழை இல்லை"ன்னாங்க.

யாசின்: அவியளுக்குத் தமிழே தெரியாதே. பொறவு எதுக்கு மழையைப் பிடிச்சுத் தொங்குதாவ?

இர்ஃபானா: தெரியாததாலதான். அவங்க ரேடியோ நாடகத்துக்கு நான் தமிழ்ல மாத்தின வசனம் சரியான்னு அவங்களால சொல்ல முடியாது. எண்பத்தாறு வயசு, பார்வையும் போயிட்டு. "எனக்குத் தமிழ் தெரியாது, என் மழையைத் தெரியும். மழையைச் சரியாகப் போடுகிறவள் வசனத்தையும் சரியாகப் போட்டிருப்பாள்"னாங்க. மழை சரியா வந்தாத்தான் அனுமதி.

யாசின்: இல்லேன்னா?

இர்ஃபானா: ஞாயித்துக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒலிப்பதிவு இல்லை. அம்மா வேஷத்துல நடிக்கிற மாதுரி வசனமெல்லாம் பாடம் பண்ணிட்டா. மச்சான், நான் கண்டியில இருந்து வாக்கப்பட்டு வந்து பன்னெண்டு வருஷம். இந்த ஊர்ல எனக்கு இன்னும் சிலோன்காரின்னுதான் பேரு. முதல்தடவையா என் சொந்தப் பேர்ல ஒரு வேலை வெளிய வரப்போகுது.

யாசின்: ஏட்டி, அழாத.

இர்ஃபானா: அழல்ல. உங்க பஞ்சுத் தூசி.

யாசின்: சரி. அந்த அம்மா கதையை மொதல்லருந்து சொல்லு. ஆறு மாசமா சொல்லிக்கிட்டுத்தான் இருந்த, நாந்தான்...

இர்ஃபானா: "ம்" போட்டுக்கிட்டே போனைப் பார்த்தீங்க. தெரியும்.

யாசின்: இப்ப போன் உன் கையில இருக்கு. சொல்லு.

இர்ஃபானா: குணசீலி வத்தேகம. பள்ளிக்கூட டீச்சர். பொண்ணு எழுதினா பத்திரிகையில போட மாட்டாங்கன்னு அண்ணன் பேர்ல கதை எழுதி அனுப்பினாங்க. பரிசு கிடைச்சு, அண்ணன் மேடையேறி மாலையும் வாங்கிக்கிட்டார். கதையைப் பத்திப் பேசச் சொன்னதும் முழிச்சார்.

யாசின்: பாவம்.

இர்ஃபானா: பிறகு கொழும்பு வானொலியில வேலை. ஆரம்பத்துல மரண அறிவித்தல் வாசிக்க விட்டாங்க. செத்தவங்க வீட்டுல இருந்தே அவங்க வாசிப்புக்கு நன்றி சொல்லி ஆள் வந்திச்சாம். அதுக்கப்புறம்தான் நாடகம். வாரம் ஒண்ணு, இருபத்தெட்டு வருஷம்.

யாசின்: அம்புட்டும் அவியளே எழுதினதா?

இர்ஃபானா: எழுதி, நடிச்சு, சத்தமும் அவங்களே போடுவாங்க. மேடை நாடகமும் எழுதினாங்க. ஒண்ணுல முழு நாடகமும் இருட்டுலயே நடக்கும், குரல் மட்டும்தான். "டிக்கெட் வாங்கி ரேடியோ கேட்டோம்"னு சனங்க சிரிச்சிருக்காங்க. டிவி வந்ததும் வேலை போச்சு. உட்கார்ந்து நாவல் எழுதிட்டாங்க. ஆனா பேர் வாங்கிக் கொடுத்தது இந்த மழை நாடகம்தான். சின்ன வயசுல அது மறுஒலிபரப்பு வரும்போதெல்லாம் நாங்க வீட்டோட உட்கார்ந்து கேட்போம். கிடுகுக் கூரை வீட்டுல ஒரு அம்மா...

யாசின்: கிடுகு?

இர்ஃபானா: தென்னங்கீத்து. மகனுக்காகக் காத்திருக்கா. ஒரு துளி... ரெண்டு துளி... பிறகு அடைமழை. சட்டுன்னு மழை விட்டு வெறிக்கும். அந்த அமைதியில மகன் "அம்மா"ம்பான். அவ எண்ணெய்ச் சட்டியை வச்சுப் பலகாரம் சுடுவா. அவ்வளவுதான் நாடகம். மழையை எப்படிப் போட்டீங்கன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டாங்க. "கண்டுபிடி, அப்போதுதான் காது வளரும்"பாங்க.

யாசின்: ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதா?

இர்ஃபானா: தனியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்குவாங்களாம். மேலதிகாரிக்கு இவங்களைக் கண்டா ஆகாது. சும்மா சும்மா விளக்கம் கேட்பாராம். ஒலிப்பதிவு அறையில ஏன் எலி வருதுன்னு ஒரு தடவை. முதலுதவிப் பெட்டியில பேண்டேஜ் ஏன் மாசாமாசம் காலியாகுதுன்னு இன்னொரு தடவை.

யாசின்: ரேடியோ ஆபீஸ்ல யாருக்கு அடிபடுது?

இர்ஃபானா: யாருக்கும் இல்லை. அதான் கேள்வியே.

யாசின்: பஞ்சும் காலியாச்சா? மருந்து?

இர்ஃபானா: அதெல்லாம் அப்படியே இருந்ததாம். சொல்லிச் சிரிப்பாங்க.

யாசின்: சிரிக்காத. செத்த நேரம் இரு. பஞ்சு போகல, மருந்து போகல, துணி மட்டும் போயிருக்கு. அப்ப அது காயத்துக்கு இல்ல. எலி வந்திருக்கு. எலி எதுக்கு வரும்?

இர்ஃபானா: தின்ன.

யாசின்: என்னத்தை?

இர்ஃபானா: தானியம்... மச்சான்.

யாசின்: அந்த மேசையில கிடக்க பேண்டேஜ் காஸ் துணியை எடு. சுடலையம்மாக்கா, வேலைக்கு வரையில வாங்கியாந்த அந்தப் பையில என்ன, கேப்பைதான? ரெண்டு கை கடன் கொடுங்க.

இர்ஃபானா: கேப்பைன்னா குரக்கன். எங்க ஊர்ல எல்லா வீட்லயும் இருக்கும்.

யாசின்: துணியை வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. இழைக்கும் இழைக்கும் நடுவுல கண்ணு இருக்கா? என்ன வடிவம்?

இர்ஃபானா: சதுரம்.

யாசின்: எதிரெதிர் மூலையைப் பிடிச்சு இழு.

இர்ஃபானா: சாஞ்சு... ஒடுங்குது.

யாசின்: ஒடுங்கினா கேப்பை நிக்கும். கையைத் தளர்த்தினா கண்ணு விரியும், விழும். எம்புட்டுத் தளர்த்துதியோ அம்புட்டு மழை. இந்தா, கேப்பையைத் துணியில போட்டுட்டேன், டின் மூடி மேல விடு.

இர்ஃபானா: ம்ஹூம். தகரக் கொட்டகையில ஆலங்கட்டி மாதிரி இருக்கு.

யாசின்: மழைக்குன்னு தனிச் சத்தம் கிடையாது போல. விழுற இடம்தான் பேசுது. உனக்கு ஓலைக் கூரையில்லா வேணும். கருப்பட்டி வந்த ஓலைப்பெட்டி எங்க?

இர்ஃபானா: சாப்பாட்டுப் பையில.

யாசின்: கவுத்து வையி. போனைப் பக்கத்துல வையி. இழுத்துப் பிடிச்சுக்கோ... இப்ப மெல்ல விடு.

இர்ஃபானா: ஒரு துளி... ரெண்டு துளி...

யாசின்: இன்னும் கொஞ்சம்... இப்பப் பூரா விடு... சட்டுன்னு இழு.

இர்ஃபானா: வெறிச்சிட்டு. மச்சான், மழை வெறிச்சிட்டு.

யாசின்: அதுக்குப் பேரு அழுகைதான். தூசி இல்ல.

இர்ஃபானா: ஓம், அழுறேன். பேசாம இருங்க, அனுப்புறேன்.

யாசின்: போச்சா?

இர்ஃபானா: கேட்டுட்டாங்க... குரல் பதிவு வருது. ஷ்.

யாசின்: என்ன சொல்லுதாவ? சிரிப்புச் சத்தம்தான் கேக்கு.

இர்ஃபானா: "ஐம்பது வருஷம் கழித்து என் கூரை மறுபடி நனைந்தது. குரக்கன், பேண்டேஜ், ஓலை. சரிதானா?"ன்னு கேக்குறாங்க. அனுமதி கொடுத்துட்டாங்க மச்சான்.

யாசின்: அப்ப ஞாயித்துக்கிழமை நானும் வாரேன். துணி நான் பிடிக்கேன்.

இர்ஃபானா: இருங்க, இன்னும் பேசுறாங்க... "கடைசிக் காட்சிக்கு எண்ணெய்ச் சட்டிச் சத்தம் வேண்டும். அதற்காக அலையாதே, உன் கணவரிடம் இருக்கிறது. அவருக்குச் சளி எப்படி இருக்கிறதென்றும் கேள்"ங்கிறாங்க. எதுக்கு இப்படிச் சிரிக்கிறாங்க? உங்ககிட்ட என்ன இருக்கு?

யாசின்: கோழிச் சாறை நிப்பாட்ட மாட்டேன்னா சொல்லுதேன். அன்னைக்கு செண்பகத்தோப்புல ஒரு பொட்டு மழை இல்ல. திரும்பி வர்ற வழியில டீக்கடையில உளுந்த வடை வெந்துக்கிட்டிருந்துச்சு, போனைப் பக்கத்துல பிடிச்சேன். கடைசிக் காட்சிக்கு அந்த மூணாவது மழையையே போடு.